அரசியின் காலணியும் சிறுவரின் காசும்

மறைக்கல்வி எட்டாத சிறுவர்க்கு ஞாயிறு வகுப்புகள் தொடங்கவேண்டும், அதற்குப் பொருள் வேண்டும் என்னும் வேண்டுகோள் நம் ஆலயங்களில் ஆண்டில் ஒருமுறையாவது ஒலிக்கிறது. காணிக்கை உறைகள் வழங்கப்படுகின்றன. நன்கொடைச் சீட்டுகள் வீடு வீடாகச் செல்கின்றன. திருவிழா ஏலத்தில் ஒரு வாழைத்தாருக்கும் ஒரு சேவலுக்கும் விலைக்கு மேல் விலை கிடைக்கிறது. கொடுப்போர் மனமுவந்தே கொடுக்கின்றனர். ஆயினும், திரண்ட பணம் எந்தக் குழந்தையிடம் போய்ச் சேர்ந்தது என்று ஆண்டின் முடிவில் கேட்போர் சிலரே.

இவ்வேண்டுகோளுக்கு நீண்ட வரலாறு உண்டு. அதைத் திரும்பிப் பார்ப்பது பழம்பெருமை பேசுவதற்காக அன்று. சிறுவரின் மறைக்கல்விக்கெனத் திரட்டப்பட்ட பணம் யாரிடமிருந்து வந்தது? அது எதற்காகச் செலவிடப்பட்டது? இவ்விரு கேள்விகளையும் கடந்த காலத்திடம் கேட்டுப் பார்த்தால், இன்று நாம் செய்யவேண்டியது தெளிவாகும். அவ்வரலாற்றின் சிறந்த பக்கங்களுள் ஒன்று நம் தமிழ்க் கடற்கரையிலேயே எழுதப்பட்டது என்பது நாம் மகிழவும் நாணவும் வேண்டிய செய்தி.

முத்துக்குளித்துறையில்

1535க்கும் 1537க்கும் இடையே முத்துக்குளித்துறைப் பரதவர் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். தங்களுக்கு நேர்ந்த இடர்களிலிருந்து பாதுகாப்புத் தேடி அவர்கள் கொச்சியிலிருந்த போர்ச்சுக்கீசியரை அணுகியதும், அதன் தொடர்ச்சியாகத் திருமுழுக்கு நிகழ்ந்ததும் நாமறிந்தவை. ஆனால், திருமுழுக்கு அளித்த குருக்கள் திரும்பிச் சென்றபின், அவ்வூர்களில் மக்களின் மொழியில் மறை கற்பிப்பார் எவரும் இல்லை. 1542ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் புனித பிரான்சிஸ் சவேரியார் அங்கு வந்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் தங்கள் மறையைப் பற்றி அம்மக்களால் வேறெதுவும் சொல்ல இயலவில்லை. திருமுழுக்குப் பெற்றும் மறைக்கல்வி எட்டாத மக்களாகவே அவர்கள் இருந்தனர்.

சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்த சிலரைத் தேடிக் கூட்டினார். சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை மந்திரம் ஆகியவற்றை அவர்கள் துணையோடு பெரும்பாடுபட்டுத் தமிழாக்கி, தாமும் மனப்பாடம் செய்தார். பின்பு கையில் மணியோடு தெருத் தெருவாக நடந்து சிறுவரைக் கூட்டினார். நாளுக்கு இருமுறை அவர்களுக்குக் கற்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்களும் பெண்களும் பெரியோரும் சிறியோருமாக ஊரார் அனைவரும் கூடிச் செபங்களைச் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு செய்தார். தமக்கு உண்ணவும் உறங்கவும் நேரம் விடாமல், செபம் கற்பிக்குமாறு சிறுவர் தம்மைச் சூழ்ந்துகொள்கின்றனர் என்று 1542ஆம் ஆண்டின் இறுதியில் புனித இஞ்ஞாசியாருக்கு எழுதினார்.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. சவேரியார் சிறுவரை வெறுமனே கேட்போராக வைத்திருக்கவில்லை. தாங்கள் கற்றதைப் பெற்றோருக்கும் வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் அவர்கள் கற்பிக்கவேண்டும் என்று பணித்தார். நோயாளிகள் அழைத்து அனுப்பியபோது, தாம் போக இயலாத இல்லங்களுக்குச் சிறுவரையே அனுப்பிச் செபிக்கச் செய்தார். 1544ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் கொச்சியிலிருந்து அவர் எழுதிய மடலில் இச்செய்திகள் விரிவாக உள்ளன. நேற்று வரை எவரும் எட்டிப்பாராத சிறுவன், இன்று மற்றவரிடம் அனுப்பப்படுகிறவன் ஆனான்.

ஆனால் கடற்கரை நீண்டது, சவேரியார் ஒருவரே. அவர் அடுத்த ஊருக்குச் சென்றபின் முந்திய ஊரின் வகுப்பு என்னாகும்? எனவே செபங்களின் படியை ஊர்தோறும் விட்டுச் சென்றார். அவற்றைக் கற்பிக்கவும், மக்களை ஒன்றுகூட்டவும், உயிராபத்திலிருக்கும் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிக்கவும் ஊருக்கொரு கணக்கப்பிள்ளையை ஏற்படுத்தினார். நம் உபதேசியார்களின் முன்னோர் இவர்களே. கணக்கப்பிள்ளைக்கும் குடும்பம் உண்டு. அவர் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும். ஆகவே அவருக்கு ஊதியம் தேவைப்பட்டது.

அவ்வூதியத்திற்கான வழியைச் சவேரியாரே தேடினார். முத்துக்குளித்துறையிலிருந்து போர்ச்சுக்கீசிய அரசுக்குச் சென்ற திறையில் 4,000 பொற்பணம், அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. ஆளுநர் மார்த்திம் அல்போன்சோ தே சூசாவிடம் பேசி, அத்தொகையைக் கணக்கப்பிள்ளைகளின் ஊதியத்திற்கு மாற்றித் தருமாறு சவேரியார் இசைவு பெற்றார். முத்துக்குளித்துறைச் சிறுவரின் செபங்களைவிடச் சிறந்த காலணி விண்ணகம் ஏறுவதற்கு அரசிக்குக் கிடைக்காது என்ற கருத்துப்பட அவர் அரசிக்கு எழுதியதாக அவருடைய பழைய வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். அரசியும் அதற்கு உடன்பட்டார்.

அரசியின் தாராளத்தைப் போற்றுவது முறையே. எனினும் நம் முதற் கேள்வியை இங்கே கேட்போம். அப்பணம் யாருடையது? அது திறைப்பணம். மூச்சையடக்கிக் கடலடியில் சிப்பி பொறுக்கியவனின் உழைப்பில் விளைந்த பணம். காலணியாக வேண்டிய அப்பணம், அவன் பிள்ளையின் ஆசிரியருக்குக் கூலியாகத் திரும்பியது. ஆகவே, சவேரியார் செய்தது பிச்சை கேட்டல் அன்று. உரியவரின் பொருளை உரியவரின் பிள்ளைகளுக்கு மீட்டுத் தந்தார் என்றே சொல்லவேண்டும். எதற்குச் செலவிடப்பட்டது என்னும் இரண்டாம் கேள்விக்கும் விடை தெளிவு. கற்பிக்கும் மனிதருக்கு.

இவ்விதை வீண்போகவில்லை. சவேரியாருக்குப் பின் அக்கடற்கரையில் பல்லாண்டு உழைத்த அண்டிரிக் அடிகளார் தமிழைக் கற்றுத் தேர்ந்து, 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலையும், 1579இல் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ என்னும் நூலையும் அச்சிட்டார். பின்னது, சிறுவருக்கு மறை கற்பிப்பதற்கென மார்க்கோஸ் ஜார்ஜ் அடிகளார் போர்ச்சுக்கீசிய மொழியில் வினா விடையாக எழுதிய நூலின் தமிழாக்கம். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல்கள் மறைக்கல்வி நூல்களே என்பதை நாம் பெருமையோடு சொல்கிறோம். அந்த அச்சுப் பணிக்குப் பொருளுதவி செய்தோர் முத்துக்குளித்துறை மக்களே என்பதையும் உடன் சொல்லவேண்டும். தங்கள் மறையைப் பற்றி எதுவும் சொல்லத் தெரியாதிருந்தவர்கள், நாற்பது ஆண்டுகளுக்குள் தங்கள் பிள்ளைகளின் பாட நூலுக்குத் தாங்களே பொருள் தந்தனர்.

ஆசிரியருக்கு ஒரு சில்லிங்

இதே காலத்தில் ஐரோப்பாவிலும் சிறுவர் மறைக்கல்வி புத்துயிர் பெற்றுக்கொண்டிருந்தது. இத்தாலியின் மிலான் நகரில் 1536ஆம் ஆண்டு காஸ்தெல்லீனோ தா காஸ்தெல்லோ என்னும் குரு, ஞாயிறுகளிலும் திருநாள்களிலும் சிறுவருக்கு மறையும் எழுத்தும் கற்பிக்கும் பள்ளிகளைத் தொடங்கினார். பொதுநிலையினர் அங்குக் கற்பித்தனர். பின்னர் அந்நகரின் பேராயரான புனித சார்லஸ் பொரோமேயு அப்பள்ளிகளைப் பெருக்கினார். ஞாயிறுகளிலும் திருநாள்களிலுமாவது ஒவ்வொரு பங்கிலும் சிறுவருக்கு மறையின் அடிப்படைகள் கற்பிக்கப்படுவதை ஆயர்கள் உறுதிசெய்ய வேண்டும் என்று 1563ஆம் ஆண்டு நவம்பரில் திரெந்துப் பொதுச்சங்கம் பணித்தது. நம் ஞாயிறு வகுப்பு இன்று நேற்றுத் தோன்றியதன்று.

பிரிந்த சகோதரர்களிடமும் நாம் கற்கத்தக்கது உண்டு. இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் 1780ஆம் ஆண்டு இராபர்ட் ரெய்க்ஸ் என்னும் செய்தித்தாள் வெளியீட்டாளர் ஞாயிறு பள்ளியைத் தொடங்கினார். வாரம் முழுவதும் வேலைத்தலங்களில் உழைத்த சிறுவருக்கு ஞாயிறு ஒன்றே ஓய்வு நாள். அவர்களுக்குக் கற்பிக்க அவர் பெண்களை அமர்த்தி, ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு சில்லிங் கூலி தந்தார். முத்துக்குளித்துறையில் கண்ட அதே வழியை இங்கும் காண்கிறோம். பணம் முதலில் ஆசிரியரைச் சென்றடைந்தது.

லியோன் நகரின் வாரக் காசு

அரசியின் காலணிப் பணம் அரசின் ஆணையால் வந்தது. அரசுகள் மறைப்பணியைத் தாங்கிய காலம் பிரெஞ்சுப் புரட்சியோடு பெரும்பாலும் முடிவுற்றது. இனி மறைப்பணிக்குப் பொருள் எங்கிருந்து வரும்? விடை ஓர் இளம் பெண்ணிடமிருந்து வந்தது.

பவுலின் ஜாரிக்கோ 1799ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் பட்டு வணிகர் குடும்பத்தில் பிறந்தார். குருத்துவப் பயிற்சியிலிருந்த அவருடைய சகோதரர், ஆசியாவில் பணியாற்றிய பாரிசு மறைபரப்புச் சபையாரின் வறுமையைப் பற்றி அவருக்கு எழுதினார். பவுலின் பெருஞ்செல்வரிடம் போகவில்லை. பட்டாலைத் தொழிலாளரிடம் போனார். வாரத்திற்கு ஒரு ‘சூ’ காசும் ஒரு செபமும் கேட்டார். ‘சூ’ என்பது நம் பழைய காலணாவைப் போன்ற சிறு காசு. ஒருவர் பத்துப் பேரைச் சேர்க்கவேண்டும். பத்துக் குழுக்கள் சேர்ந்தால் நூறு. நூறுகள் சேர்ந்தால் ஆயிரம். இவ்வளவே அவர் வகுத்த திட்டம். 1822ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் இதிலிருந்து விசுவாசப் பரப்புதல் சபை முறைப்படி தோன்றியது. முதலில் திரண்ட பொருள் ஆசிய மறைத்தளங்களுக்கும் வட அமெரிக்காவின் லூயிசியானா, கென்டக்கி ஆகியவற்றிற்கும் அனுப்பப்பட்டது. பாரிசு மறைபரப்புச் சபையார் 1776 முதல் புதுச்சேரி மறைத்தளத்தின் பொறுப்பை ஏற்றிருந்தனர் என்பதை நினைத்தால், அத்தொழிலாளரின் காசுக்கும் நமக்கும் உள்ள உறவு விளங்கும்.

பவுலினின் வாழ்வு எளிதாக முடியவில்லை. தொழிலாளர் மாண்புடன் வாழ ஒரு முன்மாதிரித் தொழிலகம் அமைக்க முற்பட்டு, நம்பியவர்களால் ஏமாற்றப்பட்டுக் கடனாளியானார். உலகெங்கும் மறைத்தளங்களுக்குப் பொருள் செல்லும் வழியைத் திறந்தவர், ஏழையர் பட்டியலில் பெயர் பதிந்தவராக 1862ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் இறந்தார். திருச்சபை அவரை 2022ஆம் ஆண்டு மே 22ஆம் நாள், அவர் பிறந்த லியோன் நகரிலேயே, முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியது.

சிறுவர் சிறுவர்க்கு

பவுலினின் வழியைச் சிறுவர்க்கும் ஏற்றதாக்கியவர் நான்சி நகர ஆயர் சார்லஸ் தெ பொர்பேன்-ஜான்சோன். சீன நாட்டில் பணியாற்ற வேண்டும் என்பது அவருடைய இளமைக் கனவு. 1830ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் தம் மறைமாவட்டத்தில் வாழ இயலாமற்போன அவர், வட அமெரிக்காவில் பயணம் செய்து மறையுரையாற்றினார். சீனாவில் கைவிடப்பட்ட குழந்தைகளைப் பற்றிய செய்திகள் அவர் உள்ளத்தை வருத்தின. நாடு திரும்பியபின் பவுலினைச் சந்தித்து உரையாடினார். 1843ஆம் ஆண்டு மே மாதம் திருப்பாலத்துவ சபை பாரிசில் தோன்றியது.

ஒவ்வொரு சிறுவனும் சிறுமியும் நாள்தோறும் ஒரு மங்கள வார்த்தை மந்திரம், மாதந்தோறும் ஒரு காசு. ஆயர் கேட்டது இவ்வளவே. அடுத்த ஆண்டே அவர் இறந்தார், சபையோ வளர்ந்தது. லிசியே நகரில் சிறுமியாயிருந்த புனித குழந்தை தெரேசாளும் அதில் உறுப்பினரானார். 1922ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் விசுவாசப் பரப்புதல் சபையோடு இதனையும் திருத்தந்தையின் சபையாக உயர்த்தினார்.

இதன் சிறப்பு திரண்ட தொகையில் இல்லை. பெரியவர்கள் சிறுவருக்காகக் கொடுப்பது எக்காலமும் உள்ள வழக்கம். சிறுவரே சிறுவருக்காகக் கொடுக்கலாம், செபிக்கலாம் என்று நம்பியதே புதுமை. சவேரியார் நோயாளிகளின் இல்லங்களுக்குச் சிறுவரை அனுப்பியபோது அவர்களை நம்பியதைப் போன்றதே இதுவும்.

தியன்சின் தரும் பாடம்

எனினும் வரலாறு நமக்கு இனிய பக்கங்களை மட்டும் வைத்திருக்கவில்லை. தொலைவிலுள்ள குழந்தைக்காகக் காசு திரட்டவேண்டுமெனில், அக்குழந்தையைக் காட்ட வேண்டியிருக்கிறது. எப்படிக் காட்டுவது? சீனப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைத் தெருவில் எறிகிறவர்கள் என்ற எண்ணத்தை அக்காலத்து ஏடுகளும் படங்களும் ஐரோப்பியச் சிறுவரின் மனத்தில் பதித்தன. குழந்தைகள் கைவிடப்பட்டது உண்மை. பஞ்சமும் வறுமையும் அதற்குக் காரணமாயிருந்தன. ஆனால் ஒரு நாட்டு மக்கள் அனைவரையுமே இரக்கமற்றவராகக் காட்டுவது உண்மையன்று.

பணமும் தன் வேலையைச் செய்தது. கைவிடப்பட்ட குழந்தைகளைக் கொண்டுவருவோருக்குக் கன்னியர் இல்லங்களில் சிறு தொகை தரும் வழக்கம் இருந்தது. அதனால் குழந்தைகள் கடத்தப்படுகிறார்கள் என்ற வதந்தி பரவியது. சாகும் நிலையில் வந்த குழந்தைகள் பலர் இறந்ததும் ஐயத்தை வளர்த்தது. மேல்நாட்டு வல்லரசுகள் சீனர் மீது திணித்த உடன்படிக்கைகளால் மூண்டிருந்த சினமும் இதனோடு சேர்ந்தது. 1870ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் தியன்சின் நகரில் கலவரம் வெடித்தது. பிரெஞ்சுத் தூதர் துப்பாக்கியால் சுட்டதும் கூட்டம் கட்டுக்கடங்காமற் போயிற்று. அன்புப் பணிக் கன்னியர் பத்துப் பேரும், குருக்களும், சீனக் கிறிஸ்தவர் பலரும் கொல்லப்பட்டனர்.

அக்கன்னியர் தூய உள்ளத்தோடு குழந்தைகளைப் பேணியவர்கள். அவர்கள் சிந்திய இரத்தத்தை எவரும் சிறுமைப்படுத்த இயலாது. ஆயினும் நற்செயலுக்காகத் திரட்டிய பணமும் கவனமின்றிக் கையாளப்பட்டால் ஐயத்திற்கு இடமாகும்; குழந்தையைக் காட்டி இரக்கத்தைத் தூண்டும்போது அதன் பெற்றோரையும் இனத்தையும் இழிவுசெய்தல் தகாது. இப்பாடத்தை மறந்துவிட்டு நிதி திரட்டுதல் கூடாது.

இன்று நம் கணக்கில்

மறைக்கல்வி எட்டாத சிறுவரைத் தேடி நாம் சீனாவுக்குப் போகவேண்டியதில்லை. செங்கற்சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோருடன் பெயர்ந்து செல்லும் சிறுவருக்கு ஆண்டில் பல மாதங்கள் பங்கே இல்லை. திருப்பூர் போன்ற தொழில் நகரங்களில் வாடகை வீடுகளில் குடியேறிய குடும்பங்களின் பெயர் எந்தப் பங்கின் பதிவேட்டிலும் இல்லாதிருத்தல் உண்டு. மாதம் ஒருமுறை மட்டுமே திருப்பலி நடைபெறும் கிளைப்பங்குகள் உள்ளன. வசதியுள்ள வீடுகளிலும், ஞாயிறு காலையைத் தனிப்பயிற்சி வகுப்பு எடுத்துக்கொண்ட பிள்ளைகள் மலிந்துவிட்டனர். இவர்கள் அனைவரும் எட்டாதவர்கள் அல்லர்; நாம் எட்டிச் செல்லாதவர்கள்.

இவர்களுக்காக நிதி திரட்டுகிறோம். உடனே நம் மனம் கட்டடத்தை நாடுகிறது. பங்கு ஆலயத்தின் அருகே மறைக்கல்வி மண்டபம். அதன் முகப்பில் நன்கொடையாளர் பெயர் பொறித்த கல். கட்டடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழைக்கு ஒதுங்க இடம் வேண்டும். ஆனால் அம்மண்டபத்திற்கு வருவோர், முன்பே வந்துகொண்டிருந்த பிள்ளைகளே. சூளையில் இருக்கும் சிறுவன் மண்டபம் எழுந்ததை அறியமாட்டான். அவனிடம் போகவேண்டியது சுவர் அன்று, மனிதர். அம்மனிதருக்குப் பேருந்துக் கட்டணம் வேண்டும், பயிற்சி வேண்டும், முழுநேரப் பணியாளராயின் குடும்பம் நடத்த ஊதியம் வேண்டும்.

இது என் சொந்தக் கருத்தன்று. 1965ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் மறைபரப்புப் பணி பற்றிய விதித்தொகுப்பு, முழுநேர வேதியர்க்கு நீதியான ஊதியமும் தகுந்த வாழ்க்கைத் தரமும் சமூகப் பாதுகாப்பும் கிடைக்கவேண்டும் என்று 17ஆம் எண்ணில் கூறுகிறது. அவர்களின் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் தனி நிதி வேண்டும் என்றும் அங்கேயே விரும்புகிறது. 2021ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் வேதியர் பணியை ஒரு திருப்பணியாகவே நிறுவினார். திருப்பணி என்று பெயர் சூட்டப்பட்ட பின்னும், திருவிழாவுக்கு ஒரு வேட்டியும் ஒரு பொன்னாடையும் தந்தால் போதும் என்று நாம் இருந்துவிடலாகாது.

ஆகவே, அடுத்த முறை இத்தகைய நிதிக்குத் திட்டம் வகுக்கையில் பங்குப் பேரவைகள் மூன்றை எண்ணிப் பார்க்கவேண்டுகிறேன். முதலாவது, செலவுப் பட்டியலின் முதல் வரி கற்பிப்பவருக்கு உரியதாகட்டும். கட்டடம் அடுத்த வரிக்கு வரட்டும். இரண்டாவது, எக்குழந்தைகளுக்காகத் திரட்டுகிறோமோ அவர்களின் பெற்றோரும் அத்திட்டத்தில் பேசட்டும், தங்களால் இயன்றதைக் கொடுக்கட்டும். சூளைத் தொழிலாளி தரும் பத்து ரூபாய் அவரைத் தருமம் பெறுபவர் நிலையிலிருந்து பங்காளியின் நிலைக்கு உயர்த்தும். மூன்றாவது, ஆண்டின் முடிவில் எத்தனை ரூபாய் சேர்ந்தது என்பதோடு, எத்தனை சிறுவரைச் சென்றடைந்தோம் என்ற கணக்கும் ஆலயத்தில் வாசிக்கப்படட்டும். அச்சிறுவரின் பெயரையோ படத்தையோ காட்டி அவர்களை நாணச் செய்யவேண்டியதில்லை, எண்ணிக்கை போதும்.

காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்து, ஏழைக் கைம்பெண் போட்ட இரு காசுகளை ஆண்டவர் கவனித்தார் என்பதை மாற்கு நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்நிகழ்ச்சியைச் சொல்லிக் கொடுப்போரை ஊக்குவிப்பது நம் வழக்கம். அதற்குச் சற்று முன்னதாக, கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் சமயத் தலைவர்களை அவர் கடிந்துரைத்ததையும் அதே அதிகாரம் சொல்கிறது. இரு பகுதிகளையும் சேர்த்து வாசிப்பதே முறை. கொடுத்த கையைக் கண்டவர் பெற்ற கையையும் காண்கிறார். முத்துக்குளித்தவரின் பணம் அவர் பிள்ளையிடம் திரும்பிச் சேர்ந்ததைப் போல, நம் பங்குகளில் போடப்படும் ஒவ்வொரு காசும் தான் சேரவேண்டிய சிறுவனிடம் சென்று சேருமாக.